லைட்டைப் போட்டா ஏறுற ஹீட் முள்: ஒரு பழைய கொரோலா 110 கேஸ்

"பகல்ல ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி, ராவில தான் ஹீட் ஆகுது." கார்க்கார அண்ணை சொன்ன முறைப்பாடு இவ்வளவு தான். முதல் போன கராஜ்ல இதைக் கேட்டுச் சிரிச்சிருக்கினம், ஏனெண்டா ராவில காத்து குளிர், றோட்டு குளிர், பகல்ல கொதிக்காத என்ஜின் ராவில மட்டும் என்னெண்டு கொதிக்கும்? சிரிச்சது சரி, ஆனா சிரிச்ச கையோட அதையே பிடிச்சு யோசிச்சிருந்தா அண்ணைக்கு இவ்வளவு காசு போயிருக்காது.

வாகனம் டொயோட்டா கொரோலா 110, 1996 மொடல், 5ஏ-எஃப்ஈ 1500 என்ஜின், மெனுவல் கியர். வீடு திருகோணமலை திருக்கடலூர்ப் பக்கம், கார் நிக்கிற கொட்டிலுக்கும் கடலுக்கும் இடையில ஒரு றோட்டும் கொஞ்ச மணலும் தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய கார் எல்லாம் விலை ஏறினது உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் வேற வழி இல்லாம வாங்கின கார் இது. வாங்கேக்க முன் பக்கம் டிங்கரிங் செய்து முழுப் பெயிண்டும் அடிச்சு பளபள எண்டு இருந்ததாம். இந்தப் பளபளப்பை மனசில வச்சிருங்கோ, பிறகு வரும்.

அண்ணை மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் கண்டிக்குப் போய் வாறவர். விடியக் காத்தால வெளிக்கிட்டு கந்தளாய், ஹபரண, தம்புள்ள பிடிச்சுப் போவார், முள் பாதிக்குக் கீழயே நிக்கும். பின்னேரம் அலுவல் முடிச்சுத் திரும்பி வரேக்க ஹபரண தாண்டி இருட்டினாப் பிறகு தான் வேலையைக் காட்டும். முள் மெல்ல மெல்ல ஏறி முக்கால், சில நேரம் சிவப்புக்குக் கிட்ட. ஹபரணையில இருந்து கல் ஓயா சந்தி, அக்போபுர, கந்தளாய் எண்டு வாற அந்த ஏ6 வீதி யானைக்காடு, ராவில ஹை பீம் போடாம ஓட ஏலாது, நடுவில நிப்பாட்டி பொனட்டைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கவும் ஏலாது. அதால மனுசன் ஏசியை நிப்பாட்டி, ஜன்னலைத் திறந்து, கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நாப்பதில ஓடி வருவார். ஏசியை நிப்பாட்டினா முள் கொஞ்சம் இறங்கும். அதைக் கண்டு எல்லாருக்கும் இன்னும் உறுதியாப் போட்டுது, என்ஜினுக்குப் பாரம் கூடினா ஹீட் ஆகுது, அப்ப கூலிங்ல தான் பிழை எண்டு.

இதுவரைக்கும் செய்த வைத்தியத்தைச் சொல்றன். முதல்ல தெர்மோஸ்டாட்டைக் (என்ஜின் சூடாகுமட்டும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மறிக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சாச்சு, "எங்கட வெயிலுக்கு இது தேவையில்ல அண்ணை" எண்டு சொல்லி. இந்தக் கதையை இந்த ஊரில எத்தினை பேர் சொல்லிக் கேட்டிருப்பம். கழட்டினாப் பிறகு கொஞ்ச நாள் முள் இறங்கி நிண்டது, எல்லாருக்கும் சந்தோசம், பிறகு பழையபடி. அடுத்து ரேடியேட்டரைக் கழட்டி க்ளீன் பண்ணினது. அடுத்து வோட்டர் பம்ப். அதுக்கும் சரி வரேல்ல எண்டு ரேடியேட்டர் ஃபேனை டிரெக்டாக் குடுத்து, சாவி போட்டா எப்பவும் சுத்துற மாதிரி வச்சுட்டினம், டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு சுவிட்சும் வச்சு. கூலன்டுக்குப் பதிலா கிணத்துத் தண்ணி. கடைசியா ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில இருக்கிற தகடு) போட்டுது எண்டு சொல்லி ஹெட்டைக் கழட்ட நாள் குறிச்சாச்சு. அந்தக் கட்டத்தில தான் என்னட்ட வந்தவர், அதுவும் ஹீட்டுக்கு இல்ல, ஹெட்லைட் மங்கலா இருக்கு, நல்ல பல்ப் போட்டுத் தாங்கோ எண்டு. நான் வயரிங் வேலை செய்யிறவன், என்ஜின் பிரிக்கிறதில்ல.

லைட்டைப் பாத்துக்கொண்டே கதை கேட்டன். கேட்ட கேள்வியளில ஒண்டுக்கு வந்த மறுமொழி தான் திருப்பம்.

"அண்ணை, முள் ஏறேக்க அந்த ஃபேன் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். ஓஃப் பண்ணினா முள் இறங்குது. அதான் சுவிட்ச் மாறிக் குடுத்திட்டாங்களோ எண்டு நினைச்சன்."

ஃபேன் சுத்தினா முள் ஏறுது, நிப்பாட்டினா இறங்குது. ஒரு கொதிக்கிற என்ஜின் இப்பிடி நடக்காது.

இஞ்ச கொஞ்சம் மீட்டர் வேலை செய்யிற விதத்தைச் சொல்ல வேணும். இந்தக் கால கொரோலாவில தண்ணிச் சூட்டைப் பாக்க ரெண்டு சென்சர் இருக்கு. ஒண்டு ஈ.சி.யூவுக்கு, அதாவது என்ஜினை நடத்துற கம்ப்யூட்டருக்குப் போறது, அதுக்கு ரெண்டு வயர், அதின்ர எர்த் (கரண்ட் திரும்பிப் போற பாதை) ஈ.சி.யூவுக்கே போகும். மற்றது டாஷ்போர்ட் முள்ளுக்கு, அதுக்கு ஒரே ஒரு வயர், எர்த் எடுக்கிறது என்ஜின் பிளொக்கில திருகியிருக்கிற தன்ர உடம்பால. மீட்டருக்குள்ள ரெண்டு கொயில் இருக்கு, ஒண்டின்ர கரண்ட் சென்சர் வழியா பிளொக்குக்குப் போகும், மற்றது டாஷ்போர்ட் எர்த் வழியா பொடிக்கு, அதாவது காரின்ர தகர உடம்புக்குப் போகும், இந்த ரெண்டு இழுவைக்கும் நடுவில முள் நிக்கும். அப்ப பிளொக்கும் பொடியும் ஒரே எர்த் எண்டு நம்பித் தான் இந்த மீட்டரைச் செய்திருக்கு. ரெண்டுக்கும் இடையில ஒரு வோல்ட் வித்தியாசம் வந்தாலே சென்சர் பக்கம் கரண்ட் கூடப் போகும், தண்ணி சூடாகாமலே முள் ஏறும்.

எப்ப வித்தியாசம் வரும்? ஹெட்லைட், ஏசி புளோவர், ஃபேன் எல்லாத்தின்ர கரண்டும் பொடிக்குப் போய் அங்கயிருந்து பற்றரி நெகட்டிவுக்குத் திரும்ப வேணும். அந்தத் திரும்பிற பாதை பழுதா இருந்தா, எவ்வளவு சாமான் ஓன் பண்ணுறீங்களோ அவ்வளவுக்குப் பொடி மேல எழும்பும். பகல்ல லைட் இல்ல, விடியக் காத்தால ஏசியும் பெரிசா இல்ல. ராவில எல்லாம் ஒண்டா ஓடும். அண்ணை சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஹீட் ஆகுது எண்ட சொல்லைத் தவிர.

முற்றத்திலயே வச்சுப் பாத்தம். என்ஜினை ஐட்லில நல்லா வோர்மாக விட்டு, ஃபேன் சுவிட்சை ஓஃப் பண்ணி, முள் எங்க நிக்குது எண்டு பாத்துட்டு, ஹெட்லைட் ஹை பீம், புளோவர் ஃபுல், ஃபேன் மூண்டையும் ஓன் பண்ணினன். ரெண்டு மூண்டு செக்கனில முள் ஏறி முக்காலுக்கு வந்துட்டுது. இதுக்கு மேல கருவி ஒண்டும் தேவையில்ல, கணக்குப் போட்டாலே விளங்கும். கூலிங் சிஸ்டத்தில அஞ்சு லீட்டர் தண்ணி எண்டு வைங்கோ, அதை 10 பாகை ஏத்த 210 கிலோஜூல் வேணும், மூண்டு செக்கனில அதைக் குடுக்கிறதெண்டா 70 கிலோவாட். இந்த என்ஜின் முழு மூச்சில ஓடினாக் கிடைக்கிறதே 100 குதிரை வலு கிட்ட, அதாவது 74 கிலோவாட். ஐட்லில நிண்டுகொண்டு அவ்வளவு சூட்டைத் தண்ணிக்குக் குடுக்க அதால ஏலவே ஏலாது. முள் பாஞ்சா கரண்ட், முள் ஊர்ந்தா தண்ணி. ஆனா இந்தக் கேஸில ஓட்டத்தில முள் ஊர்ந்து தான் ஏறினது, அதுக்கும் காரணம் இருக்கு, வாறன்.

பிறகு மல்டிமீட்டர். 20 வோல்ட் டிசியில வச்சு, கறுப்பு முனையை பற்றரி நெகட்டிவ் கட்டையிலயே குத்தினன், கிளிப்பில இல்ல. என்ஜின் ஓட, எல்லாம் ஓனில இருக்க, சிவப்பு முனையை என்ஜின் பிளொக்கில வச்சா 0.03. அருமை. அதால தான் ஸ்டார்ட் பிச்சுக்கொண்டு அடிக்குது, ஸ்டார்ட்டர்ர எர்த் பற்றரியில இருந்து கியர்பொக்ஸுக்கு நேரா வாற தடிச்ச கேபிள் தானே, அது நல்லா இருக்கு, அதால ஒருத்தருக்கும் எர்த்தில சந்தேகமே வரேல்ல. சிவப்பை பொடியில, ஸ்ட்ரட் மேல் நட்டில வச்சா 1.2 வோல்ட். 0.1, மிஞ்சினா 0.2க்குள்ள இருக்க வேண்டிய இடம்.

இதை ஓம் மீட்டரால பாக்காதேங்கோ. 40 ஆம்பியர் கிட்டப் போற இடத்தில 1.2 வோல்ட் விழ 0.03 ஓம் போதும், உங்கட மீட்டர் வயரே அதை விடக் கூடக் காட்டும். பீப் சத்தம் கேட்டா எர்த் நல்லம் எண்டு நினைக்கிற ஆக்கள் நிறைய, ஒரே ஒரு செப்பு நூல் மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். பாரம் ஓடேக்க வோல்ட் விழுறதைப் பாக்கிறது தான் எர்த்துக்குச் சரியான சோதனை, எத்தினை கராஜ்ல இதைச் செய்யினம் எண்டு கேட்டா எனக்குக் கோவம் தான் வரும்.

இன்னொரு விசயம், பெற்றோல் முள் அசையவே இல்ல. டாங்கியில இருக்கிற சென்சர் பொடியில எர்த், மீட்டரும் பொடியில எர்த், ரெண்டும் சேர்ந்து எழும்புது, வித்தியாசம் இல்ல. முள் ரெண்டில ஒண்டு மட்டும் லைட்டுக்கு ஆடினா மீட்டர் போர்டைக் கழட்டாதேங்கோ, நேரா என்ஜினுக்கும் பொடிக்கும் இடையில தேடுங்கோ.

சரி, உண்மையான சூடு என்ன? பயந்த மனுசனுக்குச் சும்மா வாயால சொல்லிப் போக ஏலாது. நல்ல ஓட்டம் ஓடி, நிலாவெளி றோட்டில போய் வந்து, முள் முக்காலில நிக்கேக்க நிப்பாட்டி, சாவியை எடுத்துட்டு ஈ.சி.யூவுக்குப் போற மற்ற சென்சர்ர சொக்கெட்டைக் கழட்டி ஓம் பாத்தன். இந்த சென்சர் 20 பாகையில 2 தொடக்கம் 3 கிலோ ஓம் வரும், 80 பாகையில 0.2 தொடக்கம் 0.4 கிலோ ஓம். சூடு கூடக் கூட ஓம் குறையும். எனக்கு வந்தது அரைக் கிலோ ஓமுக்கு மேல. அதாவது தண்ணி 80 பாகையைக் கூடத் தொடேல்ல. முள் சிவப்பைப் பாத்துக்கொண்டிருக்க, உள்ளுக்கு என்ஜின் குளிரில ஓடியிருக்கு! தெர்மோஸ்டாட் இல்ல, ஃபேன் எந்த நேரமும் சுத்துது, வேற என்னெண்டு இருக்கும். "பெற்றோலும் இப்ப கூடக் குடிக்குது தம்பி" எண்டு அண்ணை சொன்னது அப்ப தான் விளங்கிச்சு, என்ஜின் இன்னும் வோர்மாகேல்ல எண்டு ஈ.சி.யூ நினைச்சு பெற்றோலைக் கூட்டிக் குடுக்கும்.

இடம் கண்டுபிடிக்கிறது லேசு. பற்றரி நெகட்டிவ் கிளிப்பில இருந்து ரெண்டு கேபிள் போகுது, தடிச்சது கியர்பொக்ஸுக்கு, மெல்லிசு பற்றரி தட்டுக்குக் கிட்ட பொடிக்கு. மெல்லிசின்ர லக்கில (போல்ட்டில பூட்டுற வயர் முனைக் காது) கை வச்சா சுட்டுது. 40 ஆம்பியரும் 1.2 வோல்ட்டும் எண்டா 48 வாட், ஒரு சோல்டரிங் அயனை அந்த போல்ட்டில குத்தி வச்ச மாதிரி. வயர்த் தோல் கறுத்து, விறைச்சு, நகத்தால தட்டினா உடையிது. முள் ஏன் ஓட்டத்தில மெல்ல மெல்ல ஏறினது எண்டதுக்கு மறுமொழியும் இதிலயே இருக்கு. சூடாகச் சூடாக மூட்டில ஓம் கூடும், கூடக் கூட வோல்ட் விழும், முள் ஏறும். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் ஓடினாப் பிறகு கூடுறது எண்டா எவனும் தண்ணிச் சூடு எண்டு தான் நினைப்பான், அப்பிடியே நடிச்சிருக்கு.

போல்ட்டைக் கழட்டினா கதை முழுக்க வெளியில வந்துட்டுது. பற்றரி தட்டுப் பக்கம் துருப்பிடிச்சு, டிங்கர் செய்து, ஃபில்லர் போட்டு, பெயிண்ட் அடிச்சு, அந்தப் பெயிண்டுக்கு மேல லக்கை வச்சு முறுக்கியிருக்கு. தகரத்தில ஒரு இடமும் தொடேல்ல, போல்ட்டின்ர மரையால மட்டும் தான் கரண்ட் போயிருக்கு. அந்த மரையிலயும் துரு. லக்குக்குள்ள பச்சை, வயரைக் கொஞ்சம் வெட்டிப் பாத்தா தோலுக்குள்ளயும் பச்சை ஏறியிருக்கு. வாடைக் காத்தடிக்கிற மாசங்களில கடக்கரை வீட்டில நிக்கிற கார் எல்லாத்திலயும் இது தான். உப்பு ஈரம் செப்புக்கும் இரும்புக்கும் இடையில நிண்டா அது தண்ணி இல்ல, பற்றரி. கந்தளாயிலயோ ஹொரவப்பொத்தானையிலயோ நிக்கிற கார் இதே பிழையை வச்சுக்கொண்டு இன்னும் பல வருசம் ஓடியிருக்கும்.

அதோட என்ஜினுக்கும் ஃபயர்வோலுக்கும் (என்ஜினுக்குப் பின்னால இருக்கிற பொடித் தகரச் சுவர்) இடையில இருக்க வேண்டிய பின்னல் எர்த் இல்லவே இல்ல. போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு. எப்பவோ என்ஜின் இறக்கி ஏத்தேக்க திருப்பிப் பூட்டேல்ல. அது இருந்திருந்தா மற்றது பழுதாப் போனாலும் இவ்வளவுக்கு வந்திராது. ஒண்டு விட்டா ஒண்டு பிடிக்கும் எண்டு தான் ஜப்பான்காரன் ரெண்டு பாதை வச்சவன்.

இதில எனக்குப் பெரிய வேடிக்கை அந்த ஃபேன் தான். ஹீட்டைக் குறைக்க எண்டு அதை எந்த நேரமும் ஓட விட்டினம், அதுக்கு எர்த் வயரைக் கொண்டுபோய் பூட்டினது இதே பெயிண்ட் போல்ட்டில. 10 ஆம்பியர் கூடப் போட்டு அந்த மூட்டை இன்னும் சூடாக்கி, முள்ளை இன்னும் ஏத்தி, அதைப் பாத்து ஹெட் கேஸ்கட் எண்டு முடிவு. கேஸ்கட் போனதெண்டா வேற சாட்சி இருக்கும், காலமை குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணின கையோட ஹோஸ் கல்லு மாதிரி விறைக்கும், ரேடியேட்டருக்குள்ள விடாம குமிழி வரும், தண்ணி குறையும், ஒயில் மூடியில பால் மாதிரி நிக்கும். இதில ஒண்டும் இல்ல. தண்ணி ஒரு சொட்டுக் குறையாம ராவில மட்டும் கொதிக்கிற என்ஜின் உலகத்தில இல்ல.

செய்த வேலை சின்னது. தகரத்தை மின்னும் வரைக்கும் சுரண்டி, புது லக் அடிச்சு 16 ஸ்குவயர் மில்லி கேபிள் போட்டு, பல்லு வோஷர் வச்சு முறுக்கி, முறுக்கினாப் பிறகு மேலால வஸ்லின் பூசினது. முறுக்க முதல் பூசக் கூடாது எண்டில்ல, ஆனா நான் பிறகு தான் பூசிறனான். என்ஜினில இருந்து ஃபயர்வோலுக்கு ஒரு பின்னல் எர்த். ஃபேன் வயரைப் பழையபடி ரிலேக்குக் குடுத்தது. இந்த என்ஜின்ர ஃபேன் சுவிட்ச் சூடானா திறக்கிற சாதி, சொக்கெட் கழண்டா ஃபேன் தானா ஓடும், ஆபத்துக்கு உதவட்டும் எண்டு கம்பெனி வச்ச பாதுகாப்பு அது, அந்த சொக்கெட்டைக் கழட்டி ஒரு வயரை ஷோட் பண்ணி வச்சிருந்தவங்கள், அதையும் எடுத்தாச்சு.

எல்லாத்தையும் ஓன் பண்ணி அளந்தா பொடியில 0.05 வோல்ட். ஹெட்லைட் புது பல்ப் இல்லாமலே வெள்ளையா வந்துட்டுது. முள் இப்ப காலுக்குக் கிட்ட விழுந்து போய் நிக்குது, அண்ணைக்கு மீட்டர் பழுதாப் போச்சோ எண்டு பயம். இல்ல அண்ணை, இப்ப தான் அது உண்மை சொல்லுது, என்ஜின் குளிர் எண்டன். அடுத்த கிழமை மெக்கானிக் தம்பி ஒராள் 82 பாகை தெர்மோஸ்டாட் போட்டு, கிணத்துத் தண்ணியை இறக்கி, கூலன்டும் பற்றரித் தண்ணியும் (அசிட் இல்ல, வடிச்ச தண்ணி) பாதிக்குப் பாதி விட்டு, காத்து எடுத்தார். இறங்கின தண்ணி தேத்தண்ணி நிறம், கடக்கரைக் கிணத்து உப்பும் சேர்ந்து அலுமினிய ஹெட்டுக்கு நல்லது செய்திராது, அதை இனி ஒண்டும் செய்ய ஏலாது. ரேடியேட்டர் மூடியும் மாத்தினது, அது 0.9 பார் பிடிச்சா தான் தண்ணி 118 பாகை வரைக்கும் கொதிக்காம நிக்கும். இப்ப முள் பாதிக்குக் கொஞ்சம் கீழ, லைட் போட்டாலும் ஏசி போட்டாலும் அதே இடம். கண்டிக்குப் போய் ராவில வந்தவர், கந்தளாய் தாண்டி கோல் எடுத்து "அசையேல்ல தம்பி" எண்டார். பெற்றோலும் குறைஞ்சிருக்காம், எவ்வளவு எண்டு அவர் கணக்கு வைக்கிறேல்ல.

ஒரு எச்சரிக்கை. இதை வாசிச்சுட்டு முள் ஏறினா எர்த் தான் எண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டாம். கச்சான் காத்து வீசுற காலத்தில பகல்ல, ஏத்தத்தில, ட்ரஃபிக்ல ஏறி, நிப்பாட்டிக் கொஞ்சம் விட்டா இறங்குதெண்டா அது அசல் சூடு, உடன நிப்பாட்டுங்கோ, சூட்டோட மூடியைத் திறக்காதேங்கோ. முள் லைட்டோடயும் ஃபேனோடயும் ஏறி இறங்குதோ எண்டதை வீட்டு வாசல்ல ஒருக்கா பாருங்கோ, ஒரு நிமிச வேலை. புதுக் கார்களில இந்தச் சோதனை செல்லாது, அதில முள்ளுக்கு வாற தகவல் ஈ.சி.யூவில இருந்து டேட்டா வயரால வாறது, எர்த் எவ்வளவு பழுதானாலும் முள் இப்பிடி ஆடாது. முள்ளே இல்லாம நீல லைட்டும் சிவப்பு லைட்டும் மட்டும் வச்ச கார்களுக்கு ஓபிடி ஸ்கேனர் ஒண்டு குத்தி கூலன்ட் டெம்பரேச்சரை இலக்கமாப் பாக்கிறது தான் வழி. 110 மாதிரி பழசுகளுக்கு மல்டிமீட்டர் போதும்.